தனிப்பாடமும் பொதுப் பாயும்

‘நேரமில்லை’ என்னும் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எவரும் இரார். எண்ணுவதற்கும் நேரமில்லை என்பதே அதற்கு விடையாக இருக்கும். இச்சொல் பெரும்பாலும் மெய்யே. ஆயினும் மெய்யான ஒரு சொல்லின் பின்னே மற்றொரு மெய் மறைந்து நின்றுகொள்ளக் கூடும். முன்னே நிற்பது மெய்யாக இருப்பதனாலேயே பின்னே நிற்பதை எவரும் தேடுவதில்லை. அவ்வாறு ஒளிந்து நின்ற ஒன்றை என்னிடத்தே நானே கண்டதனால் எழுந்த வினாவைத்தான் இங்கு எழுதப் புகுகின்றேன். காலமில்லாதவன் தனக்கென ஓர் ஆசிரியரைப் பொருள் கொடுத்து அமர்த்திக்கொண்டு தனியே கற்பது முறையா? அவ்வாறு கற்பதில் அவன் எதனைப் பெறுகின்றான், எதனைச் செலுத்தாமல் தப்பிக்கின்றான்?

சென்ற ஆண்டு, ஐம்பத்து நான்கு அகவை நிறைவுற்ற நிலையில், பிரேசிலிய ஜியூ ஜிட்சு என்னும் மற்கலையைப் பயிலவேண்டும் என்று எனக்கோர் ஆசை பிறந்தது. வாசகர் நகைக்கலாம், என் துணைவியாரும் நகைத்தார். என் இளைய மகன் வாரம் இருமுறை அப்பயிற்சிக்குச் செல்பவன். ஒருநாள் அவனுடைய வண்டி பழுதடைந்திருந்தமையால் நான் கொண்டுபோய் விட்டேன். மழை விடவில்லை. காரிலேயே காத்திருப்பதைவிட உள்ளே சென்று அமர்வோம் என்று கூடத்தின் சுவரோரத்துப் பலகையில் அமர்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வேறொரு மனிதனாக எழுந்தேன் என்று சொன்னால் அது மிகை. காலணியை மாட்டிக்கொள்ள மறந்து படிக்கட்டுவரை வந்துவிட்டேன் என்பது உண்மை.

கடைவரிசை ஒன்றின் மாடியில் அமைந்திருந்த அக்கூடத்தில் தரை முழுவதும் மெத்தென்ற பாய் விரித்திருந்தார்கள். அங்கே குத்துவாரும் இல்லை, உதைப்பாரும் இல்லை. இருவர் இருவராகப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் தரைக்குக் கொணர்ந்து, மேலிருப்பவர் அழுத்தவும் கீழிருப்பவர் கால்களாலும் இடுப்பாலும் அவரைத் தடுத்துப் புரட்டவும் முயன்றுகொண்டிருந்தனர். மல்லாந்து கிடப்பவன் தோற்றவன் என்றே நாம் நினைப்போம். இக்கலையில் அவ்வாறில்லை. மல்லாந்து கிடக்கும் மெலிந்த ஒருவன் தன் இரு கால்களுக்கிடையே பருத்த ஒருவனைச் சிறைப்பிடித்து, அவனுடைய கையை முழங்கைக்கு எதிராக வளைத்துப் பூட்டிவிடக் கூடும். பூட்டு இறுகியதும் பிடிபட்டவன் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இருமுறை தட்டுகிறான். அக்கணமே பிடி விடப்படுகிறது. இருவரும் கை கொடுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்குகின்றனர்.

அந்தத் தட்டுதல்தான் என்னைப் பலகையில் இருத்தி வைத்தது. என் மகன் அன்று மாலை எட்டு முறையேனும் தட்டினான். தட்டிய ஒவ்வொரு முறையும் ‘தோற்றேன்’ என்று தன் வாயால் அன்றிக் கையால் ஒப்புக்கொண்டான். அவன் முகம் வாடவில்லை. வென்றவனும் நிமிர்ந்து நோக்கவில்லை. தோல்வியைக் கண்டு அஞ்சாதே என்று முப்பது ஆண்டுகளாகக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வருபவன் நான். ஆனால் அஞ்சாமல் தோற்பதற்கு ஒரு பயிற்சி உண்டு என்பதையும், அதை ஒரு மாலைக்குள் எட்டு முறை செய்து பார்க்கலாம் என்பதையும் நான் அதுவரை அறியேன்.

ஆசை பிறந்ததும் நேரத்தைத் தேடினேன். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் நாள் எத்தகையது என்பதை இந்நூலைப் படிப்போருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். பாடவேளை முடிந்தால் புறப்பாட நடவடிக்கை, அது முடிந்தால் கோப்புகள், மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கூட்டங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி வாரியம், கழிவறைக் குழாய் பழுது, ஒரு நன்கொடையாளரைக் காண்பதற்காக இரவு எட்டு மணிக்கு ஒரு திருமண மண்டபத்து வாயிலில் காத்திருத்தல். இவற்றுக்கிடையே, செவ்வாயும் வியாழனும் இரவு எட்டு மணிக்கு நடைபெறும் வகுப்புக்குத் தவறாமல் சென்று வருவது இயலாது என்று முடிவு செய்தேன். ஆகவே தனிப்பாடம் தேடலானேன்.

மூன்று கூடங்களோடு தொலைபேசியில் பேசினேன். ஒருவர் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். அவ்வேளையில் நான் பள்ளிக்குச் செல்லும் வழியில் இருப்பேன். மற்றொருவர் நண்பகல் என்றார். அது அலுவலகத்தில் பணிபுரிவோரின் உணவு இடைவேளைக்குப் பொருந்துமேயன்றிப் பள்ளி மணிக்குப் பொருந்தாது. மூன்றாமவர் என் மகன் பயிலும் கூடத்துப் பயிற்றுநர். முப்பது வயது கடந்த இளைஞர். தனிப்பாடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு அவர் சொன்ன கட்டணம், பொது வகுப்பின் ஒரு மாதக் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி. அதற்கும் உடன்பட்டேன். எந்நாள் என்று கேட்டார். சனிக்கிழமை காலை எட்டு மணி எனக்குத் தோதுப்படும் என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்: “சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தொடக்கநிலையினருக்குப் பொது வகுப்பு இருக்கிறது. எட்டு மணிக்கு உங்களால் வர இயலுமென்றால் ஒன்பது மணிக்கும் இயலும் அல்லவா?”

வாரியக் கூட்டம் ஒன்று இருப்பதாக ஏதோ சொல்லித் தொலைபேசியை வைத்தேன். நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அடுத்த இரு மாதங்களில் சனிக்கிழமைக் காலையில் வாரியக் கூட்டம் ஒன்றுகூட இல்லை.

ஒன்றைக் கற்கப் புகுமுன், அது எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்தது என்று தேடிப் பார்ப்பது ஆசிரியப் பயிற்சி பெற்றவர்க்கு இயல்பான பழக்கம். என் பொய்யிலிருந்து தப்பித்துக்கொள்ளவும் அது நல்ல வழியாக இருந்தது. ஆனால் தேடிச் சென்ற இடத்திலும் அதே வினாதான் எனக்காகக் காத்திருந்தது.

இக்கலையின் வேர் ஜப்பானில் உள்ளது. 1860ஆம் ஆண்டில் பிறந்த ஜிகோரோ கானோ என்பவர், உடல் சிறுத்திருந்தமையால் பள்ளி விடுதியில் மூத்த மாணவரின் பகடிவதைக்கு ஆளாகிப் பழைய ஜுஜுத்சு வித்தையைக் கற்றார். 1882ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் கொண்ட இடத்தில் கோடோக்கான் என்னும் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி, அவ்வித்தையை ஜூடோ என்னும் பெயரில் சீர்ப்படுத்தினார். அவர் போர்வீரரல்லர், கல்வியாளர். தோக்கியோவின் உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். இதனை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. நம்மவர் ஒருவர் என்றே அவரைக் கொண்டேன்.

கானோ செய்த மாற்றங்களுள் தலையாயது, வரையறுத்த அசைவுகளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதோடு நில்லாமல், எதிர்த்து நிற்கும் துணைவனோடு தடையின்றிப் பயிலும் முறைக்கு முதன்மை தந்தமை. எதிராளி மெய்யாகவே எதிர்க்கிறான். ஆயினும் ஊறு விளைப்பதில்லை. தம் பிற்காலத்தில் அவர் இரண்டு நெறிகளைத் தம் கலையின் சாரமாக வகுத்தார். ஆற்றலை மிகச் சிறந்த வகையில் பயன்படுத்துவது ஒன்று. தானும் பிறரும் சேர்ந்தே வளம்பெறுவது மற்றொன்று. முதல் நெறி, நேரமில்லாத எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. தனிப்பாடத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டுமா? இரண்டாவது நெறியை அப்போது விரைந்து கடந்து சென்றேன்.

கானோவின் மாணவர்களில் ஒருவரான மிட்சுயோ மயேடா உலகின் பல நாடுகளில் மற்போர் புரிந்தபின் 1914ஆம் ஆண்டு பிரேசில் வந்து, பின்னர் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள பெலெம் நகரில் தங்கினார். அங்கே அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞர் பின்னர் ரியோ டி ஜெனிரோ நகரில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அவருடைய தம்பி எலியோ பற்றி அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்றுண்டு. எலியோ இளமையில் நோயாளி. பாயில் இறங்காமல் அண்ணன் கற்பிப்பதை ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் வங்கி அதிகாரி ஒருவர் தம் தனிப்பாடத்துக்கு வந்து காத்திருந்தார். அண்ணன் வரத் தாமதமாயிற்று. நான் சொல்லித் தருகிறேனே என்று தம்பி முன்வந்தார். பாடம் முடிந்ததும் அவ்வதிகாரி, இனித் தமக்குத் தம்பியே ஆசிரியராக இருக்கட்டும் என்றாராம். குடும்பக் கதைகளில் எவ்வளவு மெய், எவ்வளவு மெருகு என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆனால் கதை தொடங்குமிடத்தைக் கவனியுங்கள்: வேலை மிகுந்த ஒருவர், குறித்த நேரத்தில், தனிப்பாடத்துக்காகக் காத்திருக்கிறார். நான் தேடியது புதுமையன்று. இக்கலையின் பிறப்புக் கதையிலேயே என்னைப் போன்ற ஒருவர் நாற்காலியில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்குடும்பத்தார் ரியோ நகரின் வணிகப் பகுதியில் நடத்திய கூடத்திலும் தனிப்பாடமே பெருவழக்காக இருந்தது. வணிகரும் வழக்கறிஞரும் அரசியலாளரும் அலுவலகத்திலிருந்து வந்து, பயின்று, திரும்பிச் சென்றனர். அதே காலத்தில் அந்நகரின் புறநகரான பெந்தோ ரிபெய்ரோவில் ஒஸ்வால்டோ ஃபாடா என்பவர் வேறு வகையாகக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவரும் மயேடாவின் வழிவந்தவரே. லூயிஸ் பிரான்சா என்பவரிடம் பயின்றவர். ஏழைகளுக்கும் உழைப்பாளர்க்கும் கூட்டமாகக் கற்பித்தார். பலரிடம் கட்டணமே பெறவில்லை. 1950களில் ஃபாடாவின் மாணவர்கள் கிரேசி கூடத்தாரோடு போட்டியிட்டு வென்றனர். நகரத்தார் மதிக்காத கால்பூட்டுகளே அவர்களுக்குக் கைகொடுத்தன.

ஒரு நாட்போட்டியைக் கொண்டு, தனிப்பாடம் தோற்றது, பொதுப்பாடம் வென்றது என்று தீர்ப்புரைப்பது நேர்மையாகாது. கிரேசி குடும்பத்தார் தங்களுக்குள் இடையறாது பொருதுகொண்டவர்கள். அவர்களுள் ஆற்றல் மிக்க வீரர் பலர் தோன்றினர். கார்லோஸின் மூத்த மகன் கார்ல்சன், பின்னாளில் தாமே கூட்டு வகுப்புகளைப் பெருக்கி, பணமில்லா இளைஞரையும் சேர்த்து, பெரும் படை ஒன்றை உருவாக்கினார். எனினும் அந்தப் புறநகர்க் கூடம் என் மனத்தை விட்டு அகல மறுத்தது. அங்கே வந்தவர்களுக்கும் வேலை இருந்திருக்கும். என்னைக் காட்டிலும் கடுமையான வேலையாகவே இருந்திருக்கும்.

இவ்விடத்தில் என் தந்தையார் நினைவுக்கு வருகின்றார். இரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பிற்பகல் வீடு திரும்பி, மாலையில் கோயில் திடலில் சிலம்பம் பழகியவர். அத்திடலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பர், ஆசான் ஒருவர், விளக்கு ஒன்று. தமக்கு நேரமில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இதனை வைத்து அவரைப் புகழ்ந்து, என் தலைமுறையை இகழ்ந்து எழுதிவிடுவது எளிது; அதனை நான் செய்யப்போவதில்லை. அவர் வேலையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தார். நாம் வேலையைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு படுக்கையறைவரை கொண்டுசெல்கின்றோம். இரண்டும் ஒன்றல்ல.

தனிப்பாடத்தின் பக்கம் உள்ள நியாயங்கள் வலியவை என்பதையும் ஒளிக்காமல் கூறவேண்டும். ஐம்பது கடந்தவனின் முழங்கால் இருபது வயதினனின் முழங்காலன்று. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் பிழை நம் கண்ணுக்குத் தப்புவதைப் போலவே, பதினைந்து பேர் புரளும் பாயில் ஒருவனுடைய இடுப்பு தவறாகத் திரும்புவதும் பயிற்றுநர் கண்ணுக்குத் தப்பும். தனியே கற்பிக்கும்போது அவர் ஒரே உடலைப் படிக்கிறார். எனக்கு வராததை விலக்கி வருவதைத் தருகிறார். மருத்துவமனையில் முறைமாறிப் பணிபுரியும் தாதியர்க்கு எந்த வாரம் எந்த மாலை ஓய்வு என்பது தெரியாது. அவருக்குப் பொது வகுப்பின் கால அட்டவணை பயன்படாது. அயல் ஆடவரோடு உடல் நெருங்கிப் பழக விரும்பாத பெண்ணுக்குத் தனிப்பாடம் ஒன்றே வாயிலாகவும் அமையலாம். மேலும், இத்தகைய கூடங்கள் பலவற்றில் தனிப்பாடக் கட்டணமும் சேர்ந்தே வாடகையைத் தாங்குகின்றது. அக்கட்டணத்தைத் தருபவன் மறைமுகமாகப் பொது வகுப்பையும் தாங்குகின்றான். எனவே தனிப்பாடம் தேடுவோரை நான் குறை கூறவில்லை. உண்மையிலேயே வேறு வழியில்லாதவர், இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரமாயினும் ஒரு வினாவோடு சென்று ஒரு விடையோடு திரும்புவாராயின் அது வீண்போகாது.

அப்படியானால் எது உறுத்துகின்றது?

நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். கணக்கொன்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அருகில் அமர்கின்றோம். அவன் தடுமாறும்போது ‘அடுத்து என்ன?’ என்கின்றோம். மீண்டும் தடுமாறினால் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கின்றோம். நம் விரல் தாளில் ஓரிடத்தில் நிற்கிறது. அவன் கண் அங்கே செல்கிறது. விடை வந்துவிடுகிறது. ‘தெரிந்துவிட்டது’ என்று அவனும் மகிழ்கின்றான், நாமும் மகிழ்கின்றோம். மறுநாள் தனியே விட்டால் தாள் வெறுமையாக இருக்கிறது. ஆசிரியரின் கனிவைத் தன் ஆற்றலென்று மயங்குவது தனிப்பாடத்தின் முதல் இடர். மற்கலையில் இம்மயக்கம் இன்னும் மிகும். ஏனெனில் அங்கே ஆசிரியரே எதிராளியாகவும் இருக்கின்றார். நான் பூட்டுப் போட வேண்டும் என்பதற்காக அவர் கையை நீட்டித் தருகிறார். நான் புரட்ட வேண்டும் என்பதற்காக எடையைச் சற்றே தளர்த்துகிறார். என்னைப் போலவே ஒன்றும் அறியாத, அஞ்சிய, முரட்டுத்தனமாக எதிர்க்கும் ஒருவனை அவரால் நடித்துக்காட்ட முடியுமேயன்றி அவனாகவே ஆகிவிட முடியாது.

இதற்கு ஒருவர் மறுப்புரைக்கலாம். வீணையைத் தனியே கற்கின்றோமே. பாட்டைக் குருவின் முன் தனியே அமர்ந்து கற்கின்றோமே. அவையெல்லாம் கல்வியாகவில்லையா என்று. ஆகின்றன. ஆனால் வீணை கற்பவனுக்கு நரம்பு மெய் சொல்கிறது. தவறாக மீட்டினால் தவறாகவே ஒலிக்கிறது. அதற்குக் கனிவும் இல்லை, வலியும் இல்லை. மற்கலையில் அந்நரம்பின் இடத்தில் இருப்பது மற்றொரு மனிதனின் கழுத்து. மற்றொரு மனிதனின் முழங்கை. கைப்பூட்டை நான் கற்கவேண்டுமாயின் ஒருவன் தன் கையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். இருமுறை தட்டினால் நான் விட்டுவிடுவேன் என்று அவன் நம்பவேண்டும். அவன் கற்கும்போது நான் என் கையை அவனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருவர்க்கொருவர் கடன்பட்டும் கடன் தீர்த்துமே அக்கலை அந்தப் பாயில் நிலைத்து வருகிறது. தனிப்பாடத்தில் நான் பெறுகிறேன். தருவது பணம் மட்டுமே. என் கழுத்தை எவருக்கும் கடனாகத் தரவில்லை. நான் விரைந்து கடந்து சென்ற கானோவின் இரண்டாவது நெறி, தானும் பிறரும் சேர்ந்தே வளம்பெறுவது என்பது, இவ்விடத்தில்தான் என்னை மடக்கிப் பிடித்தது.

நம் மொழியில் இது நமக்குப் புதிய செய்தியுமன்று. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தோடு கேட்டுக்கொண்டாலும் கல்வியில் காற்பங்கே கைவரும் என்கின்றார். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும் என்பது அவர் கணக்கு. பயிற்சிக் கல்லூரியில் இதனை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றேன். இத்தனை ஆண்டுகள் கழித்து, நான்கு மடங்குப் பொருள் கொடுத்து அந்த முதற் காற்பங்கை மட்டும் வாங்கிவர நானே தொலைபேசி எடுத்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில், தனிவகுப்புக்கு அனுப்பிவிட்டால் பிள்ளை கற்றுவிடுவான் என்று நம்பாதீர்கள் என மேசையைத் தட்டிப் பேசியவனும் நானே. தட்ட வேண்டிய இடம் மேசையன்று என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

எனினும் இவையனைத்தும் பின்னர் யான் கோத்துக்கொண்ட நியாயங்கள். நான் சனிக்கிழமை எட்டு மணியை விரும்பி ஒன்பது மணியை அஞ்சியதற்குக் காரணம் இவற்றில் ஒன்றுமில்லை. காரணம் மிகச் சிறியது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்று பலகையில் அமர்ந்திருந்தபோது, பாயில் இருந்தவர்களுள் ஒருவன் என்னைக் கண்டு எழுந்து வந்து வணக்கம் கூறினான். ஆறாண்டுகள் என் பள்ளியில் பயின்றவன்; இப்போது ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகின்றான். அவன் முன்னே நான் மல்லாந்து கிடந்து தட்டுவதை என் மனம் ஒப்பவில்லை. வெண்பட்டை கட்டிய தலைமையாசிரியரை அவன் காண்பான், ஊரில் சொல்வான், எவரேனும் ஒரு பெற்றோர் காதுக்கு எட்டும். இவ்வளவுதான். எட்டு மணிக்குப் பாயில் நானும் பயிற்றுநரும் மட்டுமே இருப்போம். நான் விலைக்குக் கேட்டது பாடத்தையன்று, கதவை.

நேரமில்லை என்று நான் சொன்னது பொய்யா? செவ்வாயும் வியாழனும் பொறுத்தவரை அது முழு மெய். அந்த மெய்யின் நிழலில் சனிக்கிழமை ஒளிந்துகொண்டது. நம் பிள்ளைகளும் இதனையே செய்கின்றனர் என்று இப்போது எண்ணுகின்றேன். வீட்டுப்பாடம் செய்யாததற்குத் தங்கைக்குக் காய்ச்சல் என்று சொல்பவனுடைய தங்கைக்கு மெய்யாகவே காய்ச்சலாக இருக்கும். அவனைக் கண்டிப்பதா, மன்னிப்பதா என்பது வேறு. அவன் சொன்னதைச் சோதித்துப் பார்த்துக் காய்ச்சல் மெய்தான் என்று அறிந்ததும் நாம் மேற்கொண்டு கேட்பதை நிறுத்திவிடுகின்றோம். அந்தப் பயிற்றுநர் நிறுத்தவில்லை. முப்பது வயது இளைஞர். ஆசிரியப் பயிற்சி ஏதும் பெறாதவர்.

மறுவாரம் அவரை மீண்டும் அழைத்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை எட்டு மணிக்குத் தனிப்பாடம். அன்றும் மற்றச் சனிக்கிழமைகளிலும் ஒன்பது மணிக்குப் பொது வகுப்பு. பள்ளி நிகழ்ச்சி வந்தால் அந்த வாரம் இல்லை என்று உடன்பாடு செய்துகொண்டோம். முழங்காலைக் காத்துக்கொள்ள எப்படி விழுவது, எப்படி எழுவது, எப்போது தட்டுவது என்பவற்றை அந்த முதல் தனிப்பாடத்திலேயே கற்பித்தார். தாமதமாகத் தட்டுபவர்களே அதிகம் அடிபடுகிறார்கள் என்றும், வயதானவர்களிடத்தில் இக்குறை மிகுதி என்றும் சொன்னார். காரணம் கேட்டேன். சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினர். நான் எதிர்பார்த்தபடியே அவனும் வந்தான். நீலப்பட்டை கட்டியிருந்தான். பயிற்றுநர் இணை பிரித்தபோது அவனையே என்னிடம் அனுப்பினார். வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்றைய பாடம் பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்கும் பிடி. அவன் என் முதுகுப்புறம் அமர்ந்து கையைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தான், ஆனால் இறுக்கவில்லை. பக்கத்திலெல்லாம் தட்டும் ஒலி கேட்டது. எங்களிடத்தில் மட்டும் அமைதி.

“ஐயா, எனக்கு ஒருமாதிரியா இருக்குங்க ஐயா” என்றான்.

“பிடி, தம்பி” என்றேன்.

மெல்ல இறுக்கினான். கழுத்தின் இருபுறமும் அடைத்துக்கொண்டு வந்தது. கூடத்தின் விளக்கு சற்றே மங்கியது போலத் தோன்றியது. அவனுடைய முன்கையில் இருமுறை தட்டினேன். அவ்வளவு விரைவாக ஒரு மாணவன் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டதை நான் வகுப்பறையில் கண்டதில்லை. பிறகு இடம் மாறினோம். அவனுக்குப் பின்னால் நான் அமர்ந்து கையைக் கொண்டுசென்றேன். அது அவன் தாடையில்தான் அழுந்தியது. இரண்டு முறை முயன்றும் பயனில்லை. அவன் தலையைச் சற்று உயர்த்தி, “இன்னும் கொஞ்சம் கீழே, ஐயா” என்று சொல்லி, என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மோவாய்க்கு அடியில் தானே கொண்டுபோய் வைத்தான்.